"தப்பு நடந்துபோச்சுங்க": வாசகர் கேள்விகள்

கேள்வி: களப்பணிக்காக மதுரை மத்திய சிறையில் பாலியல் வன்கொடுமைக் கைதிகளிடம் பேசப்போகிறேன். எதைக் கேட்பது, எதைக் குறித்துக்கொள்வது?
– சமூகப்பணி மாணவி, மதுரை

பதில்: முதலில் தீர்ப்பு நகலை முழுக்கப் படியுங்கள். படிக்காமல் போனால் அவர் சொல்வதுதான் உங்களுக்கு வழக்கு. "ஏன் செஞ்சீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள்; வக்கீலிடம் சொல்லிப் பழகிய பதில்தான் வரும். "அன்னைக்குக் காலைல எந்திரிச்சதிலிருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். நோட்டில் இடப்பக்கம் அவர் சொன்ன சொல் அப்படியே, வலப்பக்கம் தீர்ப்பில் இருப்பது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் ஊரும் எங்குமே வேண்டாம்.

வினைச்சொல்லில் காதை வையுங்கள். "கடைக்குப் போனேன், குடிச்சேன், வண்டியை எடுத்தேன்" என்று வந்தவர், அந்த இடத்தில் மட்டும் "தப்பு நடந்துபோச்சு", "புத்தி கெட்டுருச்சு" என்று நழுவுகிறாரா? தப்புக்குக் கால் ஏது, தானாக நடந்துபோக!

டயானா ஸ்கல்லி, ஜோசப் மரோலா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் வர்ஜீனியா சிறைகளில் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்ற 114 பேரிடம் பேசி 1984-ல் எழுதினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள், "போதையில் செய்துவிட்டேன்" என்று தங்கள் குடியைச் சாக்காகக் காட்டினார்கள். "அது வன்கொடுமையே இல்லை" என்றவர்களோ அந்தப் பெண்ணின் குடியைக் காட்டி அவள் நடத்தையைப் பேசினார்கள். ஒரே சாராயம்தான், அவன் குடித்தால் பழி குறைகிறது, அவள் குடித்தால் பழி ஏறுகிறது.

ஒரு எச்சரிக்கை. "ம்ம்" கொட்டித் தலையாட்டினால், ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பேட்டியால் பரோலோ தண்டனைக் குறைப்போ கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வருவது வருத்தமா விண்ணப்பமா என்று பிரிக்க முடியாது.

கேள்வி: அழுது மன்னிப்புக் கேட்பவன் திரும்பச் செய்யமாட்டான்தானே?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அப்படி நம்ப ஆதாரம் இல்லை. ஹான்சன், மார்ட்டன்-பூர்கான் என்ற ஆய்வாளர்கள் 2005-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குற்றத்தை மறுப்பதோ பாதிக்கப்பட்டவர்மீது இரக்கம் இல்லாததோ மறுகுற்றத்தைப் பெரிதாக முன்னுணர்த்தவில்லை. வக்கிர இச்சையும், சட்டத்தை மதிக்காத வாழ்க்கைப் போக்கும்தான் முன்னால் நின்றன. இங்கிலாந்துச் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்காக நெடுநாள் நடத்திய சிகிச்சை வகுப்பை 2017-ல் கைவிட்டார்கள். போனவர்களில் 10 விழுக்காடு, போகாதவர்களில் 8 விழுக்காடு மறுபடி பாலியல் குற்றம் செய்தது தெரியவந்தது. கண்ணீரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் 15 வயதுப் பிள்ளையைக் கெடுத்தவனுக்கே கட்டிவைக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள்.
– ஒரு தாய், உசிலம்பட்டிப் பக்கம்

பதில்: திகார் சிறையில் ஆய்வாளர் மதுமிதா பாண்டேயிடம், ஐந்து வயதுக் குழந்தையைச் சீரழித்த கைதி சொன்னதும் இதேதான்: இனி அவளை யார் கட்டுவார்கள், வெளியே வந்ததும் நானே கட்டிக்கொள்கிறேன் என்று. குற்றவாளியின் வாயில் வந்த அதே பேச்சு பஞ்சாயத்திலும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சமரசமோ கல்யாணமோ பேசும்படி நீதிமன்றங்களே சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் கூறிவிட்டது. 15 வயது என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு. தெரிந்தும் மறைப்பது தனிக் குற்றம். மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கித் தடயம் கெட்டுவிடும்.