மலையில்லாத ஊரில் மவுண்டன் பைக்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

யாழ்ப்பாணத்தில் புங்குடுதீவுப் பக்கம் சைக்கிள் ஓடிய படங்களைப் போட்ட நாளில் இருந்து ஒரே கேள்வி மயம். தனித்தனியாக மறுமொழி எழுதிக் கட்டுப்படியாகவில்லை. இன்று போயா (பௌர்ணமி விடுமுறை), வேலை இல்லை, எல்லாரும் இங்கேயே கேளுங்கள். முதலே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளன் இல்லை. வயது நாற்பத்திரண்டு, பன்னிரண்டு வருடமாக மவுண்டன் பைக் ஓடுகிறேன், மலைநாட்டில் ஐந்து நெடுந்தூரப் போட்டிகளுக்குப் போய் மூன்றை முடித்திருக்கிறேன். மற்ற இரண்டும் ஏன் முடியவில்லை என்பது கீழே எங்கேயாவது வரும்.

கொக்குவில் பெடியன்: அண்ணா, தொடங்குவதற்கு என்ன சைக்கிள் வாங்கலாம்?

வீட்டில் நிற்கிற சைக்கிளில் முதலில் மூன்று மாதம் ஓடுங்கள். லுமாலா மாதிரிச் சாதாரணச் சைக்கிள் என்றாலும் சரி, அக்காவின் லேடீஸ் சைக்கிள் என்றாலும் சரி. மூன்று மாதத்துக்குப் பிறகும் விடியக்காலை எழும்ப மனம் வந்தால் வாங்குங்கள். அப்போதும் உயரத்துக்குச் சரியான பிரேம், டிஸ்க் பிரேக், முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்துக் கடை வாசலில் மினுக்கிக்கொண்டு நிற்கிறதே, அதை மட்டும் வாங்காதீர்கள். பாரம் அதிகம், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும், எங்கள் உப்புக்காற்றில் வருடம் திரும்ப முதல் கிறீச்சிடத் தொடங்கும்.

சாவகச்சேரி வாசகர்: குடாநாட்டில் மலையே இல்லையே, எங்கே போய் ஓடுகிறீர்கள்?

பெயரில் மலை இருப்பது கீரிமலை ஒன்றுதான், அதிலும் ஏற ஒன்றும் இல்லை. ஏற்றம் என்று கால் உணர வேண்டுமென்றால் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும், அதுவும் மூச்சு வாங்க முதல் முடிந்துவிடும். ஆனால் எங்களிடம் மூன்று சாமான் இருக்கிறது: மணல், வெயில், காற்று.

மணலுக்கு வடமராட்சி கிழக்கு. வல்லிபுரக் கோயிலடியில் தொடங்கி மணற்காட்டுச் சவுக்கந்தோப்பு, குடத்தனை, நாகர்கோவில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி என்று கீழே போகலாம். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயிலைச் சுற்றி ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள், தார் றோட்டில் நாற்பது கிலோமீற்றர் ஓடிய களைப்பு வரும். மணலில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள். பின்னுக்குச் சாய்ந்து, இலேசான கியரில், நிறுத்தாமல் மிதிக்க வேண்டும், முன்சில்லு தனக்கு விருப்பமான பக்கம் கொஞ்சம் அலையட்டும். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா எல்லைக்குள் மட்டும் சைக்கிளோடு நுழைய நினைக்க வேண்டாம்.

காற்றுக்கு நாள்காட்டி இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று), அப்போது பண்ணையால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை. கடலுக்கு நடுவில் போகிற அந்தப் பாலத்துறோட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கார்த்திகைக்குப் பிறகு வாடை, அப்போது பருத்தித்துறைப் பக்கம் முகத்தை வைத்து ஓடுவேன். காற்று எங்கே இருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் போ, களைத்த பிறகு அது வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். இது என் அப்பா மீன் வாங்கப் போகும்போது சொன்னது, பயிற்சி அட்டவணை எதிலும் பார்த்ததில்லை.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். முகமாலைப் பக்கத்திலும் சரி, வேறு எங்கேயும் சரி, கண்ணிவெடி என்று எச்சரிக்கிற, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் திரும்பி வாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் போனால் பாதை வரும்’ என்று ஜி.பி.எஸ். காட்டினாலும் போகாதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடும் உழவு இயந்திரமும் அன்றாடம் போய்த் தேய்ந்த தடத்தை விட்டு விலக வேண்டாம். மாரி வெள்ளம் மண்ணை அரித்தால் புதைத்த வெடி இடம் மாறும். புதிய தடம் கண்டுபிடிக்கிற ஆசை மவுண்டன் பைக்காரர் எல்லாருக்கும் உண்டு, அந்த ஆசையை மலைநாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடாதவர்: ஒரு இலட்சத்துக்குள் நல்ல சைக்கிள் சொல்லுங்கள்.

முதல் பதில்.

உடுப்பிட்டி அக்கா: ஒவ்வொரு ஓட்டத்திலும் ரயர் காற்றுப் போகிறது. நெருஞ்சி முள்ளுக்கு என்ன செய்வது?

அக்கா, நெருஞ்சி மட்டுமா, ஈச்ச முள், உடை முள், வேலி அடைத்து மிஞ்சின கம்பித் துண்டு, எல்லாம் எங்கள் ஒழுங்கைகளில் விளைகிறவைதான். ரியூப் இல்லாத ரயர் போட வசதி இருந்தால் போட்டு உள்ளே சீலன்ட் ஊற்றுங்கள், முள் குத்திய ஓட்டையை அதுவே அடைத்துவிடும். எங்கள் வெக்கையில் அது வேகமாகக் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் திறந்து பார்த்து மீண்டும் ஊற்ற வேண்டும். ரியூப் தான் என்றால் வால்வின் உள்பகுதியைக் கழற்றக்கூடிய ரியூப் வாங்கி அதற்குள்ளும் சீலன்ட் விடலாம். ஒட்டுப்போட முதல் ரயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பாதிப் பேர் ரியூபை ஒட்டிவிட்டு முள்ளை ரயரிலேயே விட்டுவிடுகிறார்கள், பிறகு ஒட்டுக்காரனைத் திட்டுகிறார்கள்.

காற்றின் அளவு: ரியூப் என்றால் 30 பி.எஸ்.ஐ. அளவில், ரியூப் இல்லாவிட்டால் 22 முதல் 25 வரை. மணலுக்கு இன்னும் இறக்கலாம், ஆனால் அதே காற்றோடு கல்லு றோட்டில் வேகமாக வந்தால் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசுங்கி இரண்டு ஓட்டை ஒன்றாக விழும். சின்னப் பம்பு கையோடு இருக்கட்டும்.

இணுவில்: முழங்காலின் முன்பக்கம் நோகிறது.

சீற் பதிவாக இருக்கிறது. இருந்தபடியே இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று வைத்திருப்பீர்கள், ஊரில் எல்லாரும் அப்படித்தான். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நேராக நீளும் அளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள். இரண்டு கிழமையில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

நல்லூர்: நீண்ட ஓட்டத்தில் என்ன சாப்பிடுவது? ஜெல் கட்டாயமா?

இல்லை. இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும், அது எந்த வடிவில் போனாலும் காலுக்கு ஒன்றுதான். நான் கொண்டுபோவது பனங்கட்டி, கதலி வாழைப்பழம், உப்புப் போட்ட சோற்று உருண்டை. புழுக்கொடியல் நல்ல சாமான்தான், ஆனால் சவைத்து முடிக்க முதல் போட்டியே முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு ஒடியல் கூழ்.

நான் முடிக்காத முதல் போட்டி இதனால்தான். நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்று நினைத்து ஆறு மணித்தியாலத்தில் ஏழு லீற்றர் வெறும் தண்ணீர் குடித்தேன். தலையிடி, ஓங்காளம், கை விரல் வீக்கம். வேர்வையோடு உப்புப் போகிறது, உப்பில்லாத தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், அது உயிருக்கே ஆபத்து. ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் சீனியும் போட்டுக் கரைத்து வையுங்கள், தாகத்துக்குக் குடியுங்கள், போட்டி போட்டுக் குடிக்காதீர்கள்.

சுன்னாகம்: என் அப்பாவுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுகிறார். அவரும் 50 கிலோமீற்றர் ஓடலாமா?

ஓடக்கூடும், ஆனால் ஊசியின் அளவையும் சாப்பாட்டையும் அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கில் கேளுங்கள்.

ஹட்டன்காரன்: அண்ணே, கோவிக்க வேணாம். காத்துல ஓடிட்டு மலைக்கு வந்தா எப்படி? சமதரைக்காரங்க எங்க ஊரு முதல் வளைவுலயே இறங்கித் தள்ளுறதைப் பார்த்திருக்கேன்.

கோபம் இல்லை தம்பி, கணக்குப் போடுவோம். நானும் சைக்கிளும் சேர்ந்து 88 கிலோ. சோளகம் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே அடிக்க நான் 15இல் ஓடினால், நெஞ்சில் படுவது 40 கிலோமீற்றர் காற்று. நிமிர்ந்து இருந்து ஓடுகிறவனை அது சுமார் 35 நியூட்டன் விசையில் பின்னுக்குத் தள்ளும். நூற்றுக்கு 4 ஏற்றத்தில் 88 கிலோவைப் புவியீர்ப்பு இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. புங்குடுதீவுப் பாலத்தில் நான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாத மலை. அதோடு உங்களுக்கு ஏறினால் இறக்கம் கிடைக்கும், அதில் கால் ஆறும். எனக்குச் சமதரையில் ஆறு மணித்தியாலம் என்றால் ஆறு மணித்தியாலமும் மிதிதான்.

ஹட்டன்காரன்: நாலு சதவீதம் எங்க ஊருல சமதரை அண்ணே. தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதை பதினஞ்சு இருக்கும், முன்சக்கரம் தூக்கும், பின்சக்கரம் வழுக்கும். காத்து அதைக் கத்துக் குடுக்குமா?

இது நியாயம். கொடுக்காது. சீற்றின் மூக்கு நுனிக்கு வந்து, நெஞ்சைப் பதித்து, முழங்கையை மடக்கி ஏற வேண்டும் என்பதை நான் படித்ததே இறங்கித் தள்ளிய பிறகுதான்.

காரைநகர் ஐயா: 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒற்றைக் கியர் சைக்கிளில் விறகு மூட்டையும் மனிசியும் பிள்ளையும் ஏற்றிக்கொண்டு கிளாலி வரை ஓடினோம். இரவில் அதே சைக்கிளின் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். உங்களுக்கு எதற்குத் தம்பி பன்னிரண்டு கியர்?

ஐயா, உங்கள் காலுக்கு முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஹட்டன் தம்பி சொல்கிற பதினைந்துக்குக் கியர் வேண்டும். முன்னுக்கு 44 பல்லும் பின்னுக்கு 18 பல்லும் உள்ள ஊர்ச் சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீற்றருக்கு மேல் போகும். என்னுடையதில் 32க்கு 51 போட்டால் ஒன்றரை மீற்றர்கூடப் போகாது. மலையில் நாங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த மெதுவைத்தான். சமதரையில் உங்கள் கட்சிதான் சரி, குடாநாட்டுக்குள் மூன்று கியருக்கு மேல் நான் தொட்டதில்லை.

ஹட்டன்காரன்: ஐயாவுக்கு வணக்கம். அண்ணே, ஏத்தத்தை விடுங்க, இறக்கத்துக்கு என்ன செய்றீங்க?

எல்லாரும் பார்க்கக் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். முடிக்காத இரண்டாவது போட்டி இதுதான். ஏற்றத்தில் இருபது பேரை முந்தினேன், சோளகம் கொடுத்த கால். பிறகு ஒன்பது கிலோமீற்றர் இறக்கம். பயத்தில் இரண்டு பிரேக்கையும் மேலே இருந்து கீழே வரை விடாமல் அழுத்திப் பிடித்தபடி வந்தேன். பாதி வழியில் எரிந்த மணம், அப்புறம் லீவர் ஹாண்டில் வரை வந்து முட்டியது, பிரேக் இல்லை. தேயிலைப் பற்றைக்குள் விட்டு விழுந்து, மிச்சத்தை நடந்து இறங்கினேன். முந்திய இருபது பேரும், அவர்களோடு இன்னும் ஐம்பது பேரும், என்னைக் கடந்து போனார்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முதலே வேகத்தை இறக்க வேண்டும், வளைவுக்குள் இல்லை. இதை வாசித்தால் யாருக்கும் விளங்கும். கை படிக்கிறதற்குத்தான் மலை வேண்டும், அது எங்களிடம் இல்லை. இப்போது வருடத்தில் இரண்டு தடவை சைக்கிளை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போய், இரத்தோட்டையால் ரிவர்ஸ்டன் வரை ஏறி, இறங்குவதை மட்டும் பழகிவிட்டு வருகிறேன். ஏ9இல் போனால் எங்களுக்குக் கிட்டின உருப்படியான மலை அதுதான்.

மானிப்பாய்: அண்ணா, சில்லு 29 இஞ்சியா 26 இஞ்சியா? என்ன சைக்கிள் நல்லது?

29. சைக்கிளுக்கு முதல் பதில்.

பருத்தித்துறைத் தங்கச்சி: தனியாக மணற்காட்டுப் பக்கம் ஓட ஆசை, வீட்டில் விடுகிறார்கள் இல்லை.

தனியாக நானும் அங்கே போவதில்லை தங்கச்சி. மணலுக்குள் விழுந்து கை முறிந்தால் தூக்க ஆள் வேண்டும். உடுப்பிட்டி அக்கா மேலே இருக்கிறா, அவவிடம் கேளுங்கள், இரண்டு பேரும் விடியக்காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் எட்டரைக்கு வீட்டில் நிற்கலாம். மணல் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடத் தொடங்க முதல் றோட்டை விட்டு வந்துவிடுங்கள். தேய்ந்த தடத்தை விட்டு விலக வேண்டாம், முன்னுக்குச் சொன்னதுதான், திரும்பவும் சொல்வேன்.

அரியாலை: கழுவிக் கழுவித்தான் வைக்கிறேன், ஆனாலும் செயின் துருப்பிடிக்கிறது.

எந்தக் கிணற்றுத் தண்ணீர்? உவர்க் கிணறு என்றால் உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். தீவுப்பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காய விட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிசின் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை.

வவுனியா: உங்கள் கனவுப் போட்டி எது?

தென்னாபிரிக்காவின் கேப் எபிக். 2004இல் தொடங்கியது, எட்டு நாள், 600 கிலோமீற்றருக்கு மேல், இருவர் அணி. சோடிக்காரனை விட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால் தண்டனை நேரம். அதற்குக் காசும் இல்லை, என்னோடு எட்டு நாள் சண்டை பிடிக்காமல் ஓடச் சோடியும் இல்லை. அமெரிக்காவின் லெட்வில் 160 கிலோமீற்றர் ஓட்டமும் ஆசைதான், ஆனால் அந்த ஊரே 3,000 மீற்றருக்கு மேல், எங்கள் பீதுருதலாகலையே 2,524 தான். இப்போதைக்கு மலைநாட்டில் ஒரு நூறு கிலோமீற்றரை எட்டு மணித்தியாலத்துக்குள். போன தடவை எட்டு மணி நாற்பது நிமிடம், அந்த நாற்பதும் இறக்கத்தில் போனது.

ஹட்டன்காரன்: இறக்கத்தை நான் பழக்கித் தர்றேன் அண்ணே. சித்திரையில வாங்க, நம்ம வீட்டுல தங்கலாம்.

வருகிறேன். பதிலுக்கு ஆடி மாதம் நீங்கள் இங்கே வாருங்கள், பண்ணையில் ஆறு மணிக்கு நிற்பேன், குறிகட்டுவான் வரை. காரைநகர் ஐயாவும் அந்த ஒற்றைக் கியரோடு வரட்டும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், அப்போது எடுக்கிற வேகத்தைக் கணக்கில் சேர்க்க விடமாட்டேன்.