மலையில் இடி இறங்கினால்: கேள்வி பதில்

கோடை மழை தொடங்கிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மதியத்துக்கு மேல் மழை வந்தால் பெரும்பாலும் இடியோடுதான் வரும். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். விடுமுறை நாட்களில் இருபது வருடமாக மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். மலையேற்றக் குழு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மே மாதம் வெள்ளியங்கிரி ஏறப் போகிறோம், ஆறு பேர். இடி வந்தால் என்ன செய்வது அண்ணா? (கோவை)

தம்பி, இடி வரும் நேரத்தில் மேல் மலையில் இருக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்கும். ஈரக்காற்று மேலே ஏறி, மதியத்துக்குள் மேகம் காளிஃபிளவர் மாதிரி பொங்கி நிற்கும். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் அது கொட்டும் நேரம். வெள்ளியங்கிரியில் இரவில் ஏறி, விடியலில் ஏழாவது மலையில் சாமி பார்த்து இறங்குகிற வழக்கம் பல பேருக்கு உண்டு. அந்த வழக்கம் உங்களைக் காப்பாற்றும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மேலே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே புல்லும் பாறையும்தான். சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான்.

பாதி வழியில் இடிச் சத்தம் கேட்டுவிட்டதா? உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்றாலும் திரும்பி இறங்குங்கள். சாமி அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். ஒட்டிக்கொண்டு நடக்காமல் ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது இடைவெளி விடுங்கள். ஒரே அடியில் ஆறு பேரும் விழுந்துவிட்டால் யாரை யார் தூக்குவது? மூங்கில் தடியை ஊன்றி நடக்கலாம், தலைக்கு மேல் தூக்கக் கூடாது.

இன்னொன்று, குகை. வழியில் ஒதுங்க இடம் இருக்கிறதே என்று ஆழமில்லாத பாறை இடுக்கில் நுழைவார்கள். மேலே விழுந்த மின்சாரம் பாறை வழியாக இறங்கும்போது குகை வாயின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் வழியாகத்தான் குதிக்கும்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒளி உடனே வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைமேல் விழலாம். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெட்டவெளிக்கு வர வேண்டும். மழை நின்றதும் கிளம்பி அடி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

மொபைல் போன் மின்னலை இழுக்குமா?

இழுக்காது. உதவிக்குக் கூப்பிட அது வேண்டும், நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்குள் இருந்தால் பாதுகாப்புதானே? அலுமினியக் கம்பி போட்ட கூடாரம் ஆபத்தா?

கூடாரம் மழைக்கு மட்டும்தான். மின்னலுக்கு அது துணி. கம்பி அலுமினியமா ஃபைபரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காட்சி நன்றாக இருக்கிறது என்று மலை முதுகில் போடுவார்கள். தனி மரத்தடியில் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். பள்ளத்தாக்கில், ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கும் சிறு மரங்களுக்கு நடுவே போடுங்கள், ஓடைக் கரையை விட்டுத் தள்ளி. கார் எட்டும் தூரத்தில் இருந்தால் இரவு எத்தனை மணியானாலும் எழுந்து போய் அதில் உட்காருங்கள்.

காரில் ரப்பர் டயர் இருப்பதால்தானே பாதுகாப்பு?

இல்லை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? தகரக் கூரையும் உடலும்தான் மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே மண்ணுக்குக் கடத்துகின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகத்தைத் தொடாமல் இருங்கள். ஆட்டோவும் பைக்கும் இதில் சேராது.

மரத்தடியில் நிற்காதே என்கிறார்கள். ஆனால் மரத்தில் விழுந்தால் நாம் தப்பித்தோம் என்றுதானே அர்த்தம்?

இந்த நினைப்பு ஆளைக் கொல்லும். மின்னலால் அடிபடுகிறவர்களில் நேராகத் தலையில் விழுந்து அடிபடுவது நூற்றில் ஐந்து பேர் போல. மரத்தில் விழுந்தது பக்கவாட்டில் ஆள் மேல் தாவும். அதைவிட அதிகமாக, மண்ணில் பரவி வந்து அடிக்கும். விழுந்த இடத்திலிருந்து விலக விலக மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். உங்கள் ஒரு கால் ஓரிடத்தில், மறுகால் ஓரடி தள்ளி. அந்த வித்தியாசம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால் இன்னும் மோசம், நடுவில் நெஞ்சு இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நார்வே நாட்டு மலைவெளியில் 323 பனிமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியாக மின்னல் விழவில்லை. மண் வழியாகத்தான் போயிருக்கிறது.

மலைக்கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் போதும். கலசமும் உள்ளே வைக்கும் வரகும் இடியை ஈர்த்துக்கொள்ளும். முன்னோர் அறிவியல் இது. நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை? (கும்பகோணம்)

ஐயா, உயரத்தில் இருக்கும் செம்புக் கலசத்தில் இடி விழ வாய்ப்பு அதிகம், அதுவரை சரி. விழுந்த பிறகு அது எங்கே போகும்? இடிதாங்கியின் உயிர் அதன் முனையில் இல்லை, அங்கிருந்து மண்ணுக்குள் புதைத்த தகடு வரை அறுபடாமல் இறங்கும் கம்பியில் இருக்கிறது. கலசத்துக்குக் கீழே சுதையும் செங்கல்லும். மின்சாரம் அதில் இறங்கும்போது உள்ளிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி, சுதையைப் பெயர்த்து எறியும். அடியில் நிற்பவர் தலையில் அதுவும் விழும்.

அப்படியானால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரகை மாற்றுவது எதற்கு? எல்லாமே மூடநம்பிக்கையா? (அதே கும்பகோணம் நண்பர்)

அப்படி நான் சொல்லவில்லை. குடமுழுக்கில் கலசத்தில் தானியம் இடும் மரபை நான் மதிக்கிறேன். ஆனால் காய்ந்த தானியம் மின்சாரத்தைக் கடத்தாது, குடிக்கவும் செய்யாது. மின்னல் செம்பின் மேற்பரப்போடு போய்விடும், உள்ளே வரகு இருந்தாலும் மணல் இருந்தாலும் ஒன்றுதான்.

கோபுரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு ஊருக்கே பாதுகாப்பு என்று படித்தேன். பொய்யா? (திருவண்ணாமலை)

முறையாகக் கம்பி இறக்கிய இடிதாங்கி இருந்தால் அதைச் சுற்றிக் கொஞ்ச இடத்துக்கு நேரடி அடியிலிருந்து காப்பு உண்டு. மண் வழியாகப் பரவுவதிலிருந்து அதுவும் காக்காது. பெரிய கோயில்கள் பலவற்றில் இப்போது இடிதாங்கி வைத்திருக்கிறார்கள், கலசம் மட்டும் போதும் என்றால் அதை ஏன் வைக்க வேண்டும்? என் கவலை ஒன்றுதான். பர்வதமலை போன்ற உச்சிக் கோயில்களில் நாலு பக்கமும் திறந்த மண்டபத்தில், தூணில் சாய்ந்தபடி, இரும்புக் கைப்பிடியைப் பிடித்தபடி மக்கள் நிற்கிறார்கள், கோபுரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி. அந்த நம்பிக்கைக்கு விலை உயிர்.

இதே விஷயமாக இன்னும் பதினான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் மேலே இருக்கிறது.

பனைமரம் இடியைத் தாங்கும் என்பார் எங்கள் தாத்தா. (தூத்துக்குடி)

தாத்தா சொன்னது சரி, அதனால்தான் அதனடியில் நிற்கக் கூடாது. வங்கதேசத்தில் வயல்வெளிகளில் பனை நடும் திட்டமே போட்டார்கள். மரம் வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் தள்ளி இருங்கள்.

போனை ஆஃப் செய்ய வேண்டுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

குதிகால்களைச் சேர்த்து, காதைப் பொத்திக் குந்தி உட்காரச் சொல்கிறார்களே?

அமெரிக்க வானிலைத் துறை 2008-இல் இதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. குந்தினால் காப்பு என்று நினைத்து, ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தை ஆட்கள் வீணாக்கினார்கள். கால் இருந்தால் கீழே இறங்குங்கள். இறங்கவே வழியில்லை என்றால் மட்டும், பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். மல்லாந்து படுக்கவே கூடாது.

தலைமுடி சிலிர்த்து நிற்குமாமே, உண்மையா?

உண்மை. கொடைக்கானலுக்கு மேலே ஒரு புல்வெளி முகட்டில் எனக்கு நடந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. என்னோடு வந்த பெண்ணின் முடி மேலே எழும்பியது, என் பையின் கொக்கியிலிருந்து வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம். பைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சரிவில் ஓடினோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, முகட்டில் இடி இறங்கியது. அன்று கிளம்பத் தாமதமானது என்னால்தான். அன்றிலிருந்து என் குழு மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடும், யார் கெஞ்சினாலும்.

அடிபட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது, அடிக்காது, அடிக்காது. உடலில் மின்சாரம் தங்காது. இந்தப் பயத்தால் தொடாமல் நின்று, பிழைத்திருக்க வேண்டியவரைச் சாகவிடுகிறார்கள். மின்னலில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்பவர்கள்தான். சாகிறவர்கள் இதயமோ மூச்சோ நின்று சாகிறார்கள். பல பேர் விழுந்து கிடந்தால் முனகுகிறவரை விட்டுவிட்டு, அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், முப்பதுக்கு ஒருமுறை இரண்டு மூச்சு ஊதுங்கள். இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கியும் மூச்சு வராமல் இருக்கலாம், அதனால் ஊதுவதை நிறுத்தாதீர்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். சாணத்தில் புதைப்பது, மண்ணில் கிடத்துவது எதுவும் வேண்டாம்.

வீட்டில் ஏசிக்கு என்ன பாதுகாப்பு?

நல்ல எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஹெட்போன் போட்டிருந்தால்? ப்ளூடூத் இருந்தால்?

மொபைல் பற்றிய பதிலைப் படியுங்கள். இடிச் சத்தம் கேட்க வேண்டிய காதை அடைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மகள் கல்லூரி நண்பர்களோடு கோடையில் மலைக்குப் போகக் கேட்கிறாள். அனுப்பலாமா? (ஒரு அம்மா, மதுரை)

அனுப்புங்கள் அம்மா. அதற்கு முன் கூட்டிப் போகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உச்சியை விட்டு எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? பாதி வழியில் இடி கேட்டால் என்ன செய்வீர்கள்? முதலாவதற்கு மதியத்துக்கு முந்திய நேரமும், இரண்டாவதற்குத் திரும்பிவிடுவோம் என்ற பதிலும் தயங்காமல் வர வேண்டும். பெண்ணின் போனில் தாமினி செயலியைப் போட்டுக் கொடுங்கள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கியது, 20 முதல் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் இருந்தால் காட்டும். மலையில் சிக்னல் போய்விடும், அடிவாரத்திலேயே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.