பீரோவில் பூட்டிய சான்றிதழ்

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம் முடித்தேன். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் ஹைவே ஓரமாக ஒரு நிறுவனம் வைத்திருக்கிறார். முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். பெரியப்பா சொல்லித்தான் அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே டிகிரி சர்டிபிகேட்டை ஒரிஜினலாக வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடம் இருந்தேன். சம்பளம் 13,000. அதில் பிஎஃப் என்று 1,560 பிடிப்பார்கள். மீதி 20-ம் தேதிக்கு மேல்தான் வரும். ஒரு பில்லில் தப்பு இருந்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே "உனக்கெல்லாம் எவன் டிகிரி கொடுத்தான்" என்பார் முதலாளி. அம்மாவுக்குத் தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது ஆறு நாள் லீவு எடுத்தேன். வார்டில் உட்கார்ந்து போனிலேயே ஜிஎஸ்டி கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு நாள் சம்பளத்தையும் பிடித்தார்கள். போன மாதம் நின்றுவிட்டேன். இப்போது ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி. சர்டிபிகேட் வேண்டுமென்றால் 50,000 கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

ஓசூர் சிப்காட்டில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. 1-ம் தேதி சேர வேண்டும், ஒரிஜினல் கேட்கிறார்கள். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. "எல்லா இடமும் இப்படித்தான், நீதான் அனுசரித்துப் போகவில்லை" என்கிறார்கள் வீட்டில். இப்போதும் போன் அடித்தால் வயிறு கலங்குகிறது. என்னால்தான் தாங்க முடியவில்லையா அக்கா?

ம.

*

அன்புள்ள ம.,

கடைசியில் நீங்கள் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். 1-ம் தேதிக்கு அதிக நாள் இல்லை. அதனால் முதலில் சர்டிபிகேட்டைப் பார்ப்போம்.

அது உங்களுடையது. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. படிப்புச் சான்றிதழ் விற்கிற வாங்குகிற பொருள் இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவேளை நீங்கள் அவருக்கு நிஜமாகவே பணம் தர வேண்டியிருந்தாலும் அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டுமே தவிர, பீரோவைப் பூட்டிக்கொள்ள முடியாது.

இன்றைக்கே ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்கள், எப்போது நின்றீர்கள், எவ்வளவு சம்பளம் பாக்கி, ஏழு நாளுக்குள் இரண்டும் வேண்டும். அவ்வளவுதான். திட்டியதையெல்லாம் இதில் எழுத வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். அதையே போட்டோ எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். 50,000 கேட்ட அந்த மெசேஜை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். சர்டிபிகேட் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவரே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும், அவராகவே நின்றிருந்தாலும் சரி. மூன்று வருடமாக 20-ம் தேதிக்கு மேல் வந்த சம்பளத்தை நீங்கள் தாமதம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அது சட்ட மீறல். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யோசிக்காதீர்கள். கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.

அப்புறம் பிஎஃப். 13,000-க்கு 12 சதவீதம் 1,560. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தீர்களா? உங்கள் யுஏஎன் நம்பரை (பிஎஃப் கணக்குக்கு உங்களுக்கென்று கொடுத்த எண்) வைத்து அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். முதலாளியும் தன் பங்குக்கு அதே அளவு போட்டிருக்க வேண்டும், அதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாஸ்புக்கில் ஒரு மாதம் விட்டுப்போயிருந்தாலும் குறித்து வையுங்கள்.

இதற்குள் யாராவது வந்து, "சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து பெரியார் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் வாங்கிவிடு" என்று யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். தொலையவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு பொய்க் கையெழுத்தால் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஓசூர் கம்பெனியின் எச்ஆரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, அனுப்பிய கடிதத்தின் நகலைக் காட்டி, ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். ரிலீவிங் லெட்டருக்குப் பதிலாக பேங்க் ஸ்டேட்மென்டும் பிஎஃப் பாஸ்புக்கும் காட்டலாம். இப்படி வருகிற முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

எனக்குப் பதினெட்டு வயது. 1996. ப்ளஸ் டூ முடித்துவிட்டு சீசனுக்கு ஒரு மாங்கூழ் ஆலையில் சேர்ந்தேன். ஊரில் ஜூஸ் ஃபேக்டரி என்போம். அப்பாவின் சிநேகிதர் சிபாரிசு. கேட்டுக்குப் பக்கத்தில் எடை மேடை, அதையொட்டி ஒரு சின்ன அறை, அங்கே சீட்டு எழுதும் வேலை. வண்டி நம்பர், பாரத்தோடு எடை, காலி வண்டி எடை, கழித்தால் காய் எடை. மே மாதம் அல்போன்சா வரும். ஜூன் பிறந்தால் பெங்களூரா, அதாவது நம் கிளிமூக்கு. டிராக்டரும் லாரியுமாக ரோடு வரைக்கும் வரிசை நிற்கும். ராத்திரி முழுக்க ஆலை ஓடும். பின்பக்கம் தோலும் கொட்டையும் மலையாகக் கிடக்கும். அந்தப் புளித்த வாசனை துவைத்த பிறகும் தாவணியில் இருக்கும்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, லோடுக்கு நாற்பது கிலோ குறைத்து எழுது என்றார். அழுகல் கழிவு ஏற்கெனவே தனியாகக் கழித்தாகிவிட்டது. இது அதற்கும் மேலே. முதல் நாள் எழுதினேன். கை நடுங்கியது, ஆனாலும் எழுதினேன். மூன்றாம் நாள் போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் வெளியே வேறு மேடையில் எடை போட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை வந்தது. முதலாளி வெளியே வந்தார், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டி, "புதுப் பொண்ணு, தப்பா எழுதிடுச்சு, கணக்கு வராத கழுதையை எல்லாம் தலையில் கட்டுறாங்க" என்றார். அந்த விவசாயி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. திட்டு வாங்கியதைவிட, செய்யச் சொன்ன தப்புக்கு நானே முகமாக நின்றதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நின்றுவிடலாம் என்றால் என் மார்க் ஷீட் அவரிடம் இருந்தது. காலேஜ் அட்மிஷனுக்குக் கடைசி நாள் நெருங்கியது. இரண்டு முறை கேட்டேன், சீசன் முடியட்டும் என்றார். எடை மேடையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மதியம் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வா புள்ள, நானும் வரேன்" என்று முன்னால் நடந்தார். உள்ளே போய் சத்தம் போடவில்லை. "சாமி, புள்ளைக்குக் காலேஜ் சேர நாளாச்சு. பேப்பரைக் குடுத்துடுங்க" என்றார். கொடுக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. முதலாளி மேஜை டிராயரை இழுத்தார். பில் புக்குகளுக்கு அடியிலிருந்து வந்தது என் மார்க் ஷீட். கணக்கு மார்க்குக்கு மேலே வட்டமாக ஒரு டீக் கறை. அதன்மேல் கிளாஸை வைத்துக் குடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது, கறையோடு.

வீட்டுக்கு வந்தால் அப்பா என்னோடு பத்து நாள் பேசவில்லை. சிநேகிதர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் அவர் கவலை.

உங்கள் கடிதத்தில் பெரியப்பா பற்றிய வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். நம் பக்கம் வேலை என்பது விளம்பரம் பார்த்து வருவதில்லை. யாரோ ஒருவர் சொல்லி வருகிறது. சொன்னவருக்கும் முதலாளிக்கும் நடுவே உறவோ சாதியோ சீட்டுப் பணமோ கல்யாண மொய்யோ ஏதோ ஒன்று இருக்கும். அதனால் முதலாளி மோசமானவர் என்று நீங்கள் வாய் திறந்தால், மூன்றாவது ஒரு மனிதருக்குத் தலைகுனிவு வந்துவிடுகிறது. மோசமான முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். பூட்டின பீரோவைவிட உங்கள் பெரியப்பாவைத்தான் அவர் அதிகமாக நம்பியிருக்கிறார்.

இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆட்களைப் பிடித்து வைத்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தக் கடன் செல்லாது என்றும் சொன்னது. உங்கள் நிலைமையும் அதுவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு வேறு. ஆனால் ஆளை நகரவிடாமல் செய்ய எதையாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளும் புத்தி ஒன்றுதான். கூலிக்காரருக்கு முன்பணம், பட்டதாரிக்குச் சர்டிபிகேட்.

பெரியப்பாவுக்கு நீங்கள் பட்ட கடன் ஒரு வேலை வாங்கித் தந்ததற்கான நன்றி. மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்து அதைக் காப்பாற்றிவிட்டீர்கள். அந்த வாட்ஸ்அப் மெசேஜை அவரிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. கோபமோ அழுகையோ இல்லாமல், போனை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி மகளிடம் 50,000 கேட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். என் அப்பா மனம் மாறியது அந்த டீக் கறையைப் பார்த்த பிறகுதான். ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பழைய துணியால் அதை மெதுவாகத் துடைத்துப் பார்த்தார்.

எல்லா இடமும் இப்படித்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காலேஜ் முடித்ததும் தருமபுரியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். 1-ம் தேதி காலையில் நான் போவதற்கு முன்பே மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் சம்பளக் கவர் இருக்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகி ஐந்நூறு பிரதி வீணானது, என் கவனக்குறைவு. அந்த முதலாளி சாயங்காலம் எல்லோரும் போன பிறகு என்னை உட்கார வைத்து, எந்த இடத்தில் தப்பு வந்தது என்று காட்டினார். அதற்கப்புறம் நான் தேதியையும் நேரத்தையும் வாய்விட்டுப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன். அவரும் சின்ன முதலாளிதான். அவருக்கும் கடன் இருந்தது, பேப்பர் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

துணிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை பெண்கள் நின்றுகொண்டே இருப்பதையும் எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்றே சொல்லிவந்தார்கள். கேரளாவில் பெண்கள் போராடினார்கள், 2018-ல் அங்கே சட்டம் மாறியது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா என்றால், நான் போகிற கடைகளில் பாதியில்கூட இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு இப்போது சட்டம் துணை இருக்கிறது.

போன் அடித்தால் வயிறு கலங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஆலை இருந்த ரோட்டில் போகவே பயம். நாலு வருடம் சுற்றுப் பஸ்ஸில் போனேன். அது பலவீனம் இல்லை ம. ஆஸ்பத்திரி வார்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே கணக்குச் சொன்ன பெண்ணைத் தாங்கத் தெரியாதவள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றே ஒன்று. சர்டிபிகேட்டை வாங்கிப் போ என்று அவர் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தனியாகப் போக வேண்டாம். அந்த எடை மேடைப் பெரியவருக்கு நான் யாரோ. அன்றைக்கு அவர் வேலையே போயிருக்கலாம், தெரிந்தேதான் என்னோடு வந்தார். கடிதம் அனுப்பிய தேதியை எனக்கு எழுதுங்கள். ஏழு நாள் கழித்து வருகிற திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருப்பேன். உள்ளே சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
அக்கா