வாசகர் கேள்வி-பதில்: மூன்று மார்டர்களில் எது?

கேள்வி: நானும் என் நண்பனும் இரண்டாம் உலகப்போர் கேம் ஒன்றுக்கு மோட் (கேமில் நாமே சேர்க்கும் மாற்றம்) செய்துகொண்டிருக்கிறோம். டாங்கிகளை அடிக்கும் பீரங்கியைச் சுமந்து ஓடிய ஜெர்மானியர்களின் மார்டர் 3 வண்டியில் எம் வகையைச் சேர்க்க ஆசை. கேமில் எச் வகை ஏற்கெனவே இருக்கிறது. பீரங்கி ஒன்றுதானே, எச் வண்டியை எடுத்துப் பின்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறான் நண்பன். போதுமா?

பதில்: போதாது. பீரங்கி ஒன்றுதான், அது சரி. இரண்டிலும் இருப்பது 75 மி.மீ. பாக் 40 டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. ஆனால் அதைச் சுமக்கும் வண்டி வேறு. எச் வகையில் பான்சர் 38(டி) டாங்கியின் டரட்டை (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டை) கழற்றிவிட்டு, எஞ்சினைப் பழையபடி பின்னாலேயே விட்டுவிட்டு, நடுவில் பீரங்கியை ஏற்றினார்கள். சுடுகிறவர்கள் அந்தக் குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1943-ல் வந்த எம் வகைக்கு, பிராக் நகரத்து பிஎம்எம் தொழிற்சாலை சேஸிஸையே (வண்டியின் அடிப்பகுதியையே) புதிதாக வரைந்தது. எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது, பீரங்கியும் ஆட்களும் பின்கோடிக்குப் போய்விட்டார்கள், அவர்கள் நிற்கும் தளமும் தாழ்ந்தது. அதனால் குண்டு பட்டால் எது சேதமாகும் என்ற கணக்கை எச் வகையிலிருந்து அப்படியே காப்பி அடித்தால், முன்னால் நடுவில் வாங்கிய அடி எஞ்சினை நிறுத்துவதற்குப் பதிலாக அங்கே இல்லாத ஆட்களைக் கொல்லும்.

முன்பக்கக் கவசத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். எச் வகைக்கு முன்னால் 50 மி.மீ. இருந்தது. எம் வகைக்கு 20 மி.மீ.க்கு மேல் கிடையாது, பீரங்கியைச் சுற்றியுள்ள தகடுகள் வெறும் 10 மி.மீ. சோவியத் காலாட்படையின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி கிட்டத்தில் நின்று சுட்டாலே எம் வகைக்கு ஆபத்துதான். எச் வண்டியில் 38 குண்டுகள் வைக்க இடம் இருந்தது, எம் வண்டியில் 27தான். பீரங்கியைத் திருப்பும் கோணமும் குறைவு: எச் வகையில் இருபுறமும் சுமார் 30 டிகிரி, இதில் சுமார் 21. எச் முகப்பில் இருந்த இயந்திரத் துப்பாக்கியும் இதில் இல்லை, ரேடியோக்காரர் முன் இருக்கையை விட்டுப் பின்னால் சுடுகிறவர்களோடு சேர்ந்துவிட்டார். இன்னொன்று, இந்த வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். மற்ற ஜெர்மன் டாங்கிகளின் பழக்கத்தில் இடப்பக்கம் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எச் வகையைவிட எம் எல்லாவற்றிலும் மோசம். பிறகு கேமில் அதை யார் எடுப்பார்கள்? கவசத்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். எம் வகையை எம் வகையாக ஆக்குவதே அந்த மெல்லிய தகடுதான். இந்த வண்டிகள் ஏன் பிறந்தன என்று யோசித்துப் பாருங்கள். 1941-ல் சோவியத் யூனியனுக்குள் நுழைந்த ஜெர்மானியர்களுக்கு டி-34, கேவி டாங்கிகள் பெரிய அதிர்ச்சி. கையிலிருந்த 37 மி.மீ. பீரங்கிகளால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் வந்த பாக் 40 நல்ல பீரங்கி, ஆனால் எடை 1,400 கிலோவுக்கு மேல். ரஷ்யச் சேற்றில் அதை ஆட்கள் தள்ளி நகர்த்தவே முடியாது, இழுக்கும் வண்டி வந்து சேர்வதற்குள் எதிரி வந்துவிட்டால் பீரங்கியை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஆகவே எம் வகையை டாங்கியோடு ஒப்பிட்டால் நியாயமே இல்லை, இழுத்துச் செல்லும் பீரங்கியோடுதான் ஒப்பிட வேண்டும். மறைந்திருந்து இரண்டு மூன்று குண்டு சுட்டுவிட்டு, இடம் தெரிந்ததும் எஞ்சினைக் கிளப்பி வேறு மறைவுக்குப் போகலாம் என்பதே அதன் பலம்.

மோட்டிலும் அப்படியே கொடுங்கள். விலையைக் குறையுங்கள், நிற்கும்போது எதிரி கண்ணில் படும் தூரத்தைக் குறையுங்கள், முதல் குண்டு துல்லியமாகப் போகட்டும், சுட்ட இடத்திலிருந்து நகர்ந்தால் மறுபடி மறைவு கிடைக்கட்டும். நிஜத்திலும் இதை 900-க்கும் மேல் கட்டினார்கள், ஆக அரிய வண்டி ஒன்றும் இல்லை, ஒரு ஆட்டக்காரர் இரண்டு மூன்று வைத்திருப்பதில் தப்பே இல்லை. மேலே கூரை கிடையாது, எனவே மோர்ட்டார், விமானம், கையெறி குண்டு எல்லாவற்றுக்கும் அது பயந்தே ஆக வேண்டும். அந்தப் பயத்தோடு இடம் பார்த்து நிறுத்தி, ஒரு டி-34 வளைவில் திரும்பும்வரை பொறுத்திருந்து சுடுவதில் இருக்கும் பரபரப்பை, கவசத்தைத் தடிமனாக்கினால் நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

கேள்வி: மார்டர் 3-ல் 139 என்று எண் போட்ட ஒன்றும் கேம்களில் வருகிறது. அதில் ரஷ்யப் பீரங்கி என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. 1941-ல் ஜெர்மானியர்கள் ஏராளமாகக் கைப்பற்றிய 76.2 மி.மீ. எஃப்-22 பீரங்கி அது, சோவியத் வடிவமைப்பாளர் கிராபினின் படைப்பு. சும்மா தூக்கி வைக்கவில்லை. குண்டு உட்காரும் அறையைக் குடைந்து பெரிதாக்கி அதிக வெடிமருந்து போட வழி செய்தார்கள், குழல் முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் பிரேக் வைத்தார்கள், குழலை ஏற்றி இறக்கும் சக்கரத்தையும் பக்கவாட்டில் திருப்பும் சக்கரத்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1942-ல் இந்த வண்டிகள் கிழக்கு முனைக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போயின. பாலைவன வரைபடம் செய்கிறவர்கள் எம் வகையை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

கேள்வி: எம் வகையின் படங்களில் டிரைவர் தலைக்கு மேலுள்ள மூடி சிலவற்றில் உருண்டையாகவும் சிலவற்றில் பட்டையாகவும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. முதலில் வந்தவற்றில் வார்ப்பில் செய்த உருண்டை மூடி, பிற்பாடு தட்டைத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். உங்கள் கேம் 1943 கோடையில் நடந்தால் உருண்டை, 1944 என்றால் பட்டை. பிரான்சில் சோமுர் நகரத்து டாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு எம் வண்டி இருக்கிறது, அதன் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள், உள்பக்கம் செய்ய உதவும்.

கேள்வி: வண்டியைப் பற்றிக் கேமில் சிறு குறிப்பு எழுத வேண்டும். "ஜெர்மன் பொறியியலின் சாதனை" என்று தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். பான்சர் 38(டி) செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்துக்காக செக் பொறியாளர்கள் வடிவமைத்த டாங்கி. தங்கள் ராணுவத்தின் கைக்கு ஒன்றுகூட வந்து சேரும் முன்பே 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகுக்குள் புகுந்து, தொழிற்சாலையையும் எடுத்துக்கொண்டது. எஞ்சின்கூட பிராகா நிறுவனத்துடையது. இந்த விவரத்தை நாலு வரியில் எழுதுங்கள். ஆக்கிரமித்த நாட்டின் உழைப்பில் ஓடிய வண்டி என்று விளையாடுகிற பையனுக்குத் தெரிய வேண்டும், அதை மறைத்துப் புகழ்ந்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: இவ்வளவு வேலை செய்து ஒரே ஒரு வண்டிதானா கிடைக்கும்?

பதில்: இல்லை. இதே எம் சேஸிஸில் 150 மி.மீ. பீரங்கி வைத்த கிரில்லே என்ற வண்டியும் வந்தது, அது காலாட்படைக்குத் துணையாகக் கட்டடங்களையும் பதுங்குகுழிகளையும் அடிப்பதற்கு. எஞ்சின், சக்கரங்கள், டிரைவர் பகுதி எல்லாம் ஏறக்குறைய அப்படியே பயன்படும். பின்னால் உள்ள தகடுகளையும் பீரங்கியையும் மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஹெட்சர் என்ற இன்னொரு டாங்கி எதிர்ப்பு வண்டியை இந்தக் கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். 1944-ல் வந்த அதற்கும் 38(டி)-க்கும் உறவு உண்டு என்றாலும், அடிப்பகுதி அகலம், எஞ்சின் மறுபடி பின்னால், முன்னே சரிந்த 60 மி.மீ. தகடு, மேலே மூடிய கூரை. அதைப் புதுக் கோப்பில் முதலிலிருந்து செய்யுங்கள்.