அரசன் நிறுத்திய சிலையை வணங்க மறுத்த மூன்று யூதர்களின் கதை பைபிளில் இருக்கிறது. சூளையில் போட்டாலும் கடவுள் காப்பாற்றுவார் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் அந்த மூவரும் துணிந்தார்களா?

இல்லை. பைபிளில் உள்ள தானியேல் நூலின் 3-ஆம் அதிகாரத்தில் அவர்கள் சொன்ன பதிலே அதற்குச் சாட்சி.

பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் 60 முழ உயரத்தில் பொற்சிலை நிறுத்தி, வணங்காதவர்களை எரியும் சூளையில் போடுவேன் என்கிறான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் மறுக்கிறார்கள். (இவை பாபிலோனில் சூட்டிய பெயர்கள்; சொந்தப் பெயர்கள் அனனியா, மீஷாவேல், அசரியா. பெயரை மாற்ற முடிந்தது, மனதை முடியவில்லை.) எங்கள் கடவுளால் எங்களைக் காப்பாற்ற முடியும், அப்படிக் காப்பாற்றாவிட்டாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள்.

அந்தக் “காப்பாற்றாவிட்டாலும்” என்ற சொல்லில்தான் எனக்குக் கதையே இருக்கிறது. பலன் கிடைக்கும் என்பதற்காக வைத்த நம்பிக்கை அல்ல அது. அப்புறம் நெருப்பு அவர்களைத் தொடவில்லை என்று கதை போகிறது. ஆனால் துணிவு அதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

தானியேல் நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்போது யூதர்களை ஆண்ட கிரேக்க வம்ச அரசன் நான்காம் அந்தியோக்கு யூத வழிபாட்டைத் தடைசெய்து, மீறியவர்களைக் கொன்ற காலம் அது. அன்று இதைக் கேட்டவர்களில் பலருக்குச் சூளை வெறும் கதையாக இருந்திருக்காது.