குறைமாதப் பிரசவ அறிகுறி தெரிந்தால் தாய்க்கு ஏன் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள்?

37 வாரம் நிறைவதற்குள் வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், அது குறைமாதப் பிரசவத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசி தாய்க்குத்தான், ஆனால் பயன் குழந்தையின் நுரையீரலுக்கு. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் அல்லவா? முதிராத நுரையீரலின் காற்றுப்பைகளும் அப்படித்தான். அவற்றை ஒட்டாமல் விரிந்திருக்கச் செய்யும் பொருள் விரைவாகச் சுரக்க ஸ்டீராய்டு உதவுகிறது. அதற்கு அவகாசம் தேவை. கருப்பை இறுக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் பெரும்பாலும் 48 மணி நேரம் வாங்கித் தருவதற்காகத்தான். மிக முன்கூட்டியே பிரசவம் நெருங்கினால் மெக்னீசியம் சல்பேட்டும் தருவார்கள். பின்னாளில் குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது.

எழாமல் படுத்தே இருந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிரூபிக்கப்படவில்லை, கால்களில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.