ஹாரோ: விவசாயக் கிராமங்கள் லண்டனின் புறநகராக மாறியது எப்படி?

ரயில் வந்ததால் என்று ஒரு சொல்லில் பதில் கூறிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். லண்டனுக்கு வடமேற்கே, 1094இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி ஆலயம் நிற்கும் குன்றைச் சுற்றி, ராக்செத், கிரீன்ஹில், பின்னர் (இது ஊரின் பெயர், தமிழ்ச் சொல் அன்று) முதலிய சிற்றூர்கள் சிதறிக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றின் நிலங்களில் பெரும்பகுதி, லண்டன் நகரத்துக் குதிரைகளுக்கான தீவனப் புல்லை விளைவித்தது. ஆகவே, வீடுகள் எழும்புவதற்கு முன்பே இவ்வூர்களின் பொருளாதாரம் நகரத்தைச் சார்ந்திருந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகிக் குதிரைகள் குறைந்தபோது அந்தச் சந்தையும் சுருங்கியது.

மெட்ரோபாலிட்டன் ரயில் 1880இல் ஹாரோவையும் 1885இல் பின்னரையும் எட்டியது. எனினும் உடனே நகரம் முளைத்துவிடவில்லை. பாதை அமைத்தபின் எஞ்சும் நிலத்தை ரயில் நிறுவனங்கள் விற்றுவிட வேண்டும் என்ற பொது விதியிலிருந்து இந்நிறுவனம் விலக்குப் பெற்றிருந்ததே, என் பார்வையில், திருப்புமுனை. 1915இல் ‘மெட்ரோலேண்ட்’ என்ற பெயரில் விளம்பரத்தைத் தொடங்கி, 1919இல் தனி வீட்டுமனை நிறுவனத்தையும் அமைத்து, கிராமத்து அமைதியைக் காட்டியே அந்தக் கிராமங்களை வீட்டுமனைகளாக விற்றனர். 1906இல் வயல்வெளி நடுவே சிறு நிறுத்தமாகத் திறக்கப்பட்ட ரேனர்ஸ் லேன், 1930களில் நெருக்கமான குடியிருப்பாகிவிட்டது. 1934இல் நிர்வாக எல்லைகளும் இணைக்கப்பட்டன. பின்னர் என்னும் அந்த ஊரில், 1336இல் அரச உரிமம் பெற்ற சந்தைத் திருவிழா மட்டும், இன்றும் ஆண்டுதோறும் தெருக்களை அடைத்தபடி நடக்கிறது.